வலைக்குள் நின்ற குஞ்சு

லெகிஷோன் எழுந்தான். வீட்டுக்குள் கட்டியிருந்த கன்றை அவிழ்த்துவிட்டான். பசுவைக் கறந்தான். அது பெண்கள் வேலை. மனைவி இறந்தபின் அவன் கறக்கத் தொடங்கியபோது முதலில் ஊரே சிரித்தது, பிறகு சிரிக்க அலுத்துப்போய் விட்டுவிட்டது. தேநீர் குடித்தான். வனக் காவலர் சட்டையை மாட்டிக்கொண்டு சதுப்புநிலத்துக்கு நடந்தான்.

நீண்ட வறட்சிக்குப் பிறகு அங்கே தண்ணீர் தேங்கியிருந்தது. சரணாலயத்து வரிக்குதிரைகள் அந்த வழியாகத்தான் மேய்ச்சலுக்குப் போகும். சுற்றிலும் எல்லா நிலமும் வேலியாகிவிட்டது. திறந்து கிடந்தது அவன் மனைவியின் தம்பி பார்கிரேயின் நிலம் மட்டும். இன்று அவனும் ஆட்டுவேலிக் கம்பி வலையை இழுத்து, கடைசிக் கழியில் கட்டி முடித்திருந்தான்.

"வாங்க அத்தான். துப்பாக்கியோட வர்றீங்க, என்னைச் சுடவா?"

"உன்னைச் சுட்டா தோட்டாதான் வீண்."

பார்கிரே சிரித்தான். பிறகு கழியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நிலத்தைப் பாத்துக்கோன்னு அக்கா கடைசியா சொன்னாங்கல்ல? அதான்."

இறந்தவர் பெயரை அங்கே யாரும் உச்சரிப்பதில்லை. லெகிஷோனோ, மனைவியின் பெயரோடு சேர்த்து அவளைப் பற்றிய பேச்சையே விட்டிருந்தான். அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று அடக்கத்தன்று எல்லோரும் கேட்டார்கள். அவள் சாகும்போது அருகில் இருந்த அவன் வாய் திறக்கவில்லை. அப்போது அங்கே இல்லாத பார்கிரேதான் பதில் சொன்னான். அதுவே நிலைத்துவிட்டது.

நாணலுக்குள் கொம்பு ஊதியதுபோல் ஒரு குரல். தலையில் பொன்னிறக் கொண்டையோடு இரண்டு கொக்குகள் நடந்து வந்தன. பின்னால் பஞ்சு உருண்டையாக ஒரு குஞ்சு. வறட்சி தொடங்கியதிலிருந்து அவன் குஞ்சு எதையும் பார்க்கவில்லை. பெரியவை இரண்டும் வலைக்கு மேலே ஒரு எழும்பு எழும்பி அப்பால் இறங்கின. குஞ்சு வலையில் முட்டியது. அங்கும் இங்கும் ஓடியது. கத்தியது.

"அடேய், அங்க இல்லடா, இப்படி வா!" பார்கிரே குஞ்சைப் பிடிக்கக் குனிந்தான். தாய் திரும்பிப் பறந்து வந்து இறக்கையை விரித்துத் துரத்தியது. போர்த்தியிருந்த சிவப்புப் போர்வை ஒரு பக்கம், அவன் ஒரு பக்கமாகச் சேற்றில் விழுந்தான்.

"அத்தான்! காப்பாத்துங்க!"

"நான் காவல் இருக்கிறது கொக்குக்குத்தான், உனக்கில்ல!"

லெகிஷோன் சிரித்தான். வயிறு வலிக்கும்வரை சிரித்தான். தன் குரலே அவனுக்குப் புதிதாகக் கேட்டது.

பார்கிரே சேற்றோடு எழுந்து, தானே முறுக்கிய கம்பியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்தான். குஞ்சு அந்த வழியாக அப்பால் ஓடியது. பெரியவை இரண்டும் குதித்துக் குதித்து ஆடின. தூரத்தில் நின்ற வரிக்குதிரைகள் திறப்பைப் பார்த்து நடக்கத் தொடங்கின.

"சாயங்காலம் மறுபடி கட்டிடுவேன்," என்றான் பார்கிரே. வலையின் நுனி இன்னும் அவன் கையில்தான் இருந்தது. முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "அன்னைக்கு நான் சொன்னது நானா இட்டுக்கட்டினது. உங்களுக்குத் தெரியும். நிஜமா அக்கா என்ன சொன்னாங்க?"

லெகிஷோன் வரிக்குதிரைகளைப் பார்த்தபடி, அவள் சொன்னதை அப்படியே சொன்னான்.

"கதவைச் சாத்தாத. கன்னுக்குட்டி இன்னும் வெளிய நிக்குது."