முப்பத்துநான்காவது மாடி அறை

பயணத்துக்கு இன்னும் இருபத்தேழு நாள் கிடக்கும்போதே பெட்டியைத் திறந்து கூடத்தின் நடுவில் வைத்துவிட்டவளை என்னவென்று சொல்வது? போகப்போவது மூன்றே மூன்று இரவு. பெட்டி வாயைப் பிளந்துகொண்டு கிடந்த கிடையைப் பார்த்தால் குடும்பமே குடிபெயர்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்திக் கொடுப்பாள். இருபத்திரண்டு வருஷமாக ஊராருக்கெல்லாம் பார்வை பொருத்திக் கொடுத்தவள், தான் பார்க்க ஆசைப்பட்டதை மட்டும் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப்போட்டே வந்தாள். பாலைவனத்து மணலில் கண்ணாடியாலேயே எழுப்பிய நகரம் அது. கண்ணாடியோடு பிழைப்பவளுக்கு அதைப் பார்க்காமல் கண் மூடுமா?

இந்த வருஷம் அவளுடைய நாத்தனார் புண்ணியம் கட்டிக்கொண்டாள். நாத்தனாருக்கு விமான டிக்கெட் ஆபீஸில் வேலை. மலிவாக ஒரு திட்டம் வந்ததும் முதல் ஆளாக அண்ணனையும் அண்ணியையும் அதில் போட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. பீரோக் கதவில் ஒரு தாளை ஒட்டி அவள் எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். முதல் நாள், பாட்டுக்கு ஆடும் நீரூற்று. இரண்டாம் நாள் காலை, சுறா நீந்தும் கண்ணாடிக் குகை. மாலையில் மணல்மேட்டில் குதித்து ஓடும் கார். மூன்றாம் நாள் தங்கக் கடைத்தெரு, வாங்க அல்ல, வாய் பார்க்க. வெயிலுக்கென்று இரண்டு கறுப்புக் கண்ணாடிகளைத் தன் கையாலேயே செய்து முடித்தாள். வீட்டுக்குள்ளேயே அதைப் போட்டுப் பார்த்து, நாற்காலியில் முட்டிக்கொண்டாள்.

"மூணு நாள்ல முப்பது இடமா? நம்ம காலு நம்மளோடதா, வாடகைக்கு எடுத்ததா?" என்றார் அவள் கணவர்.

"அங்க போயும் தூங்கணும்னா இங்கயே தூங்குங்க. உங்க டிக்கெட்ல நான் எதிர்வீட்டுக்காரியக் கூட்டிட்டுப் போறேன்."

அவர் சிரித்தார். லிஃப்ட் மெக்கானிக் அவர். முப்பத்தொரு வருஷமாக ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றியதும் இறக்கியதும் அவர் பார்த்துவிட்ட இயந்திரங்கள்தான். ஆனால், இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், அவர் பெண்டாட்டி மட்டும் லிஃப்டில் ஏறமாட்டாள். குடியிருப்பது மூன்றாம் மாடி. காய்கறிப் பையோடும் படிதான், காய்ச்சலோடும் படிதான். கேட்டால், "நடந்தா உடம்புக்கு நல்லது" என்பாள். அவரும் அதை நம்பி, "என் பெண்டாட்டி படி ஏறுற வேகத்துக்கு என் லிஃப்டே தோத்துடும்" என்று நாலு பேரிடம் பெருமையடித்துக்கொள்வார்.

அந்த மனிதர் ஆசையோடு செய்த காரியம்தான் வினையாக வந்தது.

ஒரு சாயங்காலம் நாத்தனார் காகிதங்களோடு வந்தாள். வரும்போதே முகமெல்லாம் பல்.

"அண்ணி, அண்ணன் என்ன செஞ்சிருக்கார் தெரியுமா? உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார். என் வாய்தான் ஓட்டை வாயாச்சே!"

"சொல்லித் தொலைடி."

"இருக்கிறதுலயே உச்சியில ரூம் போடச் சொன்னார். முப்பத்துநாலாவது மாடி! படுக்கையில இருந்தே ஊர் முழுக்கத் தெரியும். ராத்திரி விளக்குப் போட்டா அத்தனை கண்ணாடியும் மின்னுமாம்."

அவள் கையிலிருந்த துணி மடிப்புக் கலைந்து விழுந்தது. முப்பத்துநாலு மாடியை எந்தக் கால் ஏறும்?

"கீழ ரூம் கிடையாதா?" என்றாள், துணியைப் பொறுக்கிக்கொண்டே.

"அந்த ஹோட்டல்ல ரூமே ஒன்பதாவது மாடியிலதான் ஆரம்பிக்குது. ஊருக்கு வெளிய ரெண்டு மாடி ஹோட்டல் ஒண்ணு இருக்கு. சன்னலைத் திறந்தா லாரி நிக்கிற இடம் தெரியும். ஏன் அண்ணி, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

அதற்குள் கணவரும் வந்துவிட்டார். இரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள். பத்தொன்பது வருஷமாகக் கட்டிக் காத்த பொய் அன்றைக்கு அவளுக்குக் கைகொடுக்கவில்லை. உட்கார்ந்து, சொல்லிவிட்டாள்.

யாருக்கோ கண்ணாடி கொடுப்பதற்காக ஒரு கட்டிடத்துக்குப் போயிருந்தாள். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் மின்சாரம் போய் லிஃப்ட் நின்றது. நாற்பது நிமிஷம், தனியாக. ஒரு சின்ன விளக்கு மட்டும் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் எதிரே ஒரு அட்டை. பழுது பார்த்தவர் கையெழுத்து என்ற இடத்தில், அவள் கணவருடைய வால் நீண்ட கையெழுத்து. வீட்டில் ரசீதுகளிலும் கடிதங்களிலும் பார்த்துப் பழகிய அதே வால். கரண்ட் போய்விட்டதே, கயிறு எப்போது விடுமோ, எப்போது விடுமோ என்று அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் சொல்லல?" என்றார் அவர்.

"உங்க வேலையக் குறை சொன்ன மாதிரி ஆயிடுமேன்னுதான். கல்யாணமாகி மூணாவது வருஷம். தொழிலப் பத்திப் பேசும்போது உங்க முகம் எப்படி இருக்கும் தெரியுமா? அதை எப்படிங்க கெடுக்கிறது?"

நாத்தனார் கையிலிருந்த காகிதங்களைப் புரட்டிப் பார்த்துச் சொன்னாள். "பதினஞ்சாம் தேதி வரைக்கும் ரூமை மாத்தலாம். அதுக்கப்புறம் முடியாது."

"இப்பவே மாத்திடு," என்றார் அவர்.

"வேண்டாம். பதினஞ்சு வரைக்கும் பொறுங்க," என்றாள் அவள். அந்தக் கண்ணாடி நகரத்தை லாரிகளுக்குப் பின்னால் வைத்துப் பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் அவளை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார். படியில்தான், அவரும் கூடவே மூச்சிரைக்க ஏறினார். அங்கே லிஃப்டின் இயந்திர அறை. எண்ணெய் வாசனை. நடுவில் பெரிய சக்கரம், அதில் தொங்கும் எஃகுக் கயிறுகள். மெயின் சுவிட்சைப் பட்டென்று அணைத்தார்.

"இப்ப கரண்ட் போச்சு. கயிறு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"ஏன் ஆகல? இந்தா, இது பிரேக். கரண்ட் இருந்தாதான் இது பிடியை விடும். கரண்ட் போன அடுத்த நொடி ஸ்பிரிங் வந்து கப்புன்னு பிடிச்சுக்கும். அன்னிக்கு நீ நாற்பது நிமிஷம் இதோட பிடியிலதான் இருந்தே."

அவள் குனிந்து பார்த்தாள். ஒரு லென்ஸில் கீறல் தேடுகிறவள் பார்ப்பதுபோலப் பார்த்தாள். இத்தனை வருஷம் எதற்கு நடுங்கினாளோ அதுவே அவளைப் பிடித்துக்கொண்டு இருந்ததா?

"வாயால சொன்னாப் போதாது," என்றாள்.

"தெரியும். நான் போய் உள்ள நிக்கிறேன். நீ என்னை ஏத்து."

"நானா!"

"இந்த நெம்புகோலைக் கொஞ்சமா அழுத்து, பிரேக் விடும். அந்தப் பக்கம் எடைக்கல்லு என்னையும் லிஃப்ட் பெட்டியையும் விட கனம், பெட்டி தானா மேல வரும். கையை எடுத்தா நின்னுடும். கயித்துல மஞ்சள் கோடு இந்தக் கட்டைக்கு நேரா வந்தா நான் மூணாவது மாடியில இருக்கேன்னு அர்த்தம். கம்பெனிக்காரன் பார்த்தா என் வேலை போச்சு, சீக்கிரம் முடி."

அவர் இறங்கிப்போய்ப் பெட்டிக்குள் நின்றுகொண்டார். கயிறு இறங்கும் துளை வழியாக அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. "ம்ம், அழுத்து!"

அழுத்தினாள். சக்கரம் அசைந்தது. வெடுக்கென்று கையை எடுத்தாள். கப்பென்று நின்றது.

"எங்கங்க இருக்கீங்க?"

"நடுவுல!"

"பயமா இருக்கா?"

"உன் கையில மாட்டினவனுக்கு வேற பயம் எதுக்கு? அழுத்தும்மா!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாற்பது நிமிஷம் நில்லுங்க, அப்பத்தான் தெரியும்!" என்று துளையைப் பார்த்துக் கத்தினாள். பிறகு அழுத்தினாள், விட்டாள், அழுத்தினாள், விட்டாள். ஒவ்வொரு விடுதலுக்கும் அந்தப் பிடி தப்பாமல் வந்தது. மஞ்சள் கோடு ஊர்ந்து ஊர்ந்து கட்டைக்கு நேராக வந்து நின்றபோது அவள் ரவிக்கையெல்லாம் வியர்வை. ஒரு ஆளை, அதுவும் அந்த ஆளை, தன் ஒரு கையால் மாடி ஏற்றிவிட்டாள்.

அதற்காக மறுநாளே பறந்தாள் என்று சொன்னால் நான் பொய் சொன்னவளாவேன். மறுநாள் அவர் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி ஒரு மாடி. அடுத்த நாள் இரண்டு. ஒருநாள் கதவு மூடும்போதே வெளியே குதித்து, எதிரே வந்த குடித்தனக்காரர் மேல் மோதி, சண்டையே வந்தது. "லிஃப்ட்காரர் வீட்டம்மாவுக்கு லிஃப்ட் பழக்குறாங்களாம்" என்று கட்டிடம் முழுக்கக் கேலி. நாத்தனார் தினம் ஃபோன் போட்டு, "அண்ணி, இன்னிக்கு எத்தனாவது மாடி?" என்று பரீட்சை மார்க் கேட்பதுபோலக் கேட்டாள். கூடத்துப் பயணப் பெட்டிக்குள் துணி ஏறியபடியே இருந்தது. பீரோத் தாளில் கடைசி வரியாக ஒன்றை எழுதினாள், அடித்தாள். அடித்ததை யாரும் படித்துவிடாதபடி மறுபடியும் அடித்தாள்.

பதினைந்தாம் தேதி வந்தது. அன்றைக்கு மத்தியானம் அவர் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டின் கதவைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். ஃபோன் அடித்தது.

"ஏங்க, எங்க கடைக்குப் பக்கத்துல ஆபீஸ் கட்டிடம் இருக்குல்ல? அதுல ஒன்பதாவது மாடியில நிக்கிறேன்."

"படியில ஏறுனியா?"

"லிஃப்ட்ல."

"யாரு கூட?"

"யாரு கூடவும் இல்ல. அஞ்சாவது மாடி வரைக்கும் கண்ணை மூடிட்டிருந்தேன். அப்புறம் திறந்துட்டேன். ஏங்க, இங்கிருந்து பார்த்தா எங்க கடைக் கூரையே ஒரு லென்ஸ் அளவுதான் தெரியுது! முப்பத்துநாலுல இருந்து பார்த்தா என்னென்ன தெரியுமோ!"

அவர் கையிலிருந்த திருகுளியைக் கீழே வைத்தார். ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. பீரோத் தாள்ல நீ அடிச்சு மறைச்சது அங்க இருக்கிற பெரிய கோபுரந்தானே, அதுக்கும் டிக்கெட் போடச் சொல்லவா?"

"சூரியன் மறையுற நேரத்துக்குப் போடச் சொல்லுங்க. அப்பத்தான் கண்ணாடியெல்லாம் செவக்கும்."

"சரி. இப்ப எப்படி இறங்கப் போற?"

"படியிலதான். ஒரே நாள்ல எல்லாத்தையும் எதிர்பார்த்தா எப்படி?"

"மெதுவா இறங்கும்மா," என்றார் அவர். "நான் தங்கச்சிக்கு ஃபோன் போட்டு, ரூம் அப்படியே இருக்கட்டும்னு சொல்லிடறேன்."