அப்பாவின் இழுப்பு வேனில் போகிறது

எங்கள் ஊர் நர்ஸ் பயிற்சிப் பள்ளிகளில் நோயாளிகள் கிடையாது. வீடுகளிலிருந்து நோயை மட்டும் காலையில் வேனில் ஏற்றிப் போவார்கள். சாயங்காலம் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். ஆள் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம்.

அப்பாவின் மூச்சிழுப்பும் அப்படித்தான் போய்வந்தது. மிளகாய் மில்லில் வேலை பார்த்துச் சேர்த்த இழுப்பு. அப்பாவின் பழைய பனியனை மாட்டிக்கொண்டு, முதுகைக் கூனிக்கொண்டு, வாசற்படியில் வேனுக்காக உட்கார்ந்திருக்கும். அது ஏறிப் போனதும் அப்பா நிமிர்ந்துவிடுவார். விசிலடித்துக்கொண்டே சைக்கிளில் மில்லுக்குப் போவார். சாயங்காலம் இழுப்பு வந்து இறங்கியதும் கட்டிலில் சாய்ந்துவிடுவார். நாளுக்கு நாள் அவர் நெஞ்சு இரைகிற சத்தம் கூடிக்கொண்டே போனது. இந்தப் பனிக்காலத்தைத் தாண்டுவாரா என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

அதனால்தான் பன்னிரண்டாவது முடித்ததும் நர்ஸ் படிப்பில் சேர்வது என்று முடிவெடுத்தேன். சேவை, லட்சியம் என்று எதுவும் கிடையாது. அப்பா மூச்சு விட வேண்டும், அவ்வளவுதான்.

முதல் பள்ளியில் கட்டில்கள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தன. மாணவிகள் தலையணைகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு தலையணைக்கு ஊசி போட்ட இடத்தில் வீங்கியிருந்தது. “நோய் எங்கே சார்?” என்று கேட்டேன். “நீ சேரும்மா, அது தானா வரும்” என்றார் அங்கிருந்தவர். எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டாவது பள்ளியில் இருந்தது ஒரே ஒரு காய்ச்சல். அதையும் மத்தியானத்துக்கு மேல் பக்கத்து பாலிடெக்னிக்காரர்கள் கொதிகலன் பாடத்துக்கு வாங்கிப்போய்விடுவார்களாம். சொல்லும்போதே எரிச்சலாக வருகிறது.

மூன்றாவது பள்ளியில் அப்பாவின் இழுப்பு படுத்திருந்தது. சுற்றி ஒரு கூட்டம் மாணவிகள். ஒருத்தி பிரஷர் பார்த்து முடித்ததும் அடுத்தவள் பார்த்தாள். அது மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. தலைமாட்டை உயர்த்திவைக்க ஒருத்திக்கும் தோன்றவில்லை. என்னைப் பார்த்ததும் கையை நீட்டியது.

பிரின்சிபால் ஜெசிந்தா மேடம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

“ஏன் மேடம், இவ்வளவு நாளா வந்துபோகுது. ஒரு நாளாவது வைத்தியம் பண்ணினீங்களா?”

“குணமாக்கிட்டா அடுத்த பேட்சுக்கு எதைக் காட்டுறது?” என்றார் மேடம். “நல்ல இழுப்பு கிடைக்கிறது கஷ்டம்மா.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட்டை எடுத்து ஜன்னலில் வீசினேன். கண்ணாடி நொறுங்கியது.

“கை உறுதியா இருக்கு. கட்டுப் போட ஆகும்” என்று சொல்லி அங்கேயே எனக்கு அட்மிஷன் போட்டுவிட்டார்.

வீட்டில் அம்மா திட்டினாள். “பகல் ஒரு பொழுதாவது மனுஷன் நிம்மதியா மூச்சு விடுறாரு. அதுலயும் போய் மண்ணைப் போட்டுடாத, ரெஜினா.”

நான் கேட்கவில்லை. மற்றவர்கள் பிரஷர் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனபோது நான் இழுப்பின் பக்கத்திலேயே இருந்தேன். தலைக்கு இரண்டு தலையணை வைத்தேன். ஆவி பிடிக்கவைத்தேன். நெஞ்சில் தைலம் தேய்த்தேன். மிளகு ரசம் கொண்டுபோய் ஊட்டினேன். கார்த்திகை பிறப்பதற்குள் அதன் கன்னம் உப்பிவிட்டது. முதுகு நிமிர்ந்துவிட்டது. இரைச்சலே இல்லை. மேடம் எனக்கு முதல் மார்க் போட்டார்.

அப்பாவுக்குத்தான் கூடிவிட்டது. சாயங்காலம் இழுப்பு துள்ளிக்கொண்டு வேனிலிருந்து இறங்கும். அப்பாவோ தண்ணீர் சொம்பைத் தூக்கக்கூட முடியாமல் கிடப்பார்.

“இவ்வளவு பார்த்தும் ஏன்மா இப்படி?” என்று கத்தினேன். அழுகையும் வந்தது.

“நீ அவரையாடி பார்த்தே?” என்றாள் அம்மா. “அதைத்தானே பார்த்தே.”

மறுநாள் காலை இழுப்பு சீக்கிரமே எழுந்து குளித்தது. அப்பாவின் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டது. சைக்கிளை எடுத்து, விசிலடித்துக்கொண்டே மில்லுக்குப் போனது. அப்பா பழைய பனியனை மாட்டிக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தார்.

வேன் வந்தது. டிரைவர் ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் கதவைத் திறந்துவிட்டார். அப்பாவைக் கைத்தாங்கலாக ஏற்றிப் பக்கத்தில் நானும் உட்கார்ந்துகொண்டேன். வழி முழுக்க என் விரலை விடாமல் பிடித்திருந்தார். “பாப்பா, அங்க சத்தம் கித்தம் போட்டுடாதே” என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கிவிட்டது.

பள்ளியில் அவரை அதே கட்டிலில் படுக்கவைத்தேன். மாணவிகள் வரிசையில் நின்றார்கள். நான் அவர் தலைக்குக் கீழே தலையணையை வைத்தேன். மேடம் வந்து அதை உருவி எடுத்தார். அப்பாவின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்.

“பழசைவிட நல்லா இருக்கு. பத்து பேட்ச் தாங்கும்” என்றார்.

நான் பேப்பர்வெயிட்டைத் தேடினேன். புதிது வாங்கி, மேசையோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். மேசையோடு தூக்கினேன்.