கீரை வெந்த தண்ணீர்

ஓய்வு பெற்றபின் வாத்தியாருக்கு வீட்டுப் பின்புறத் தோட்டம்தான் பள்ளிக்கூடம். மனைவி ஒருத்திதான் மாணவி. கத்தரியிலேயே மூன்று வகை போட்டிருந்தார்: பச்சை, ஊதா, முள்ளுக்கத்தரி. அரைக்கீரை, சிறுகீரை, பசலை என்று பாத்தி பாத்தியாகக் கீரை. பீர்க்கங்காய்த் தோலைச் சீவி எறிந்துவிட்டால் இரண்டு நாள் அவளோடு பேச மாட்டார். தட்டு வைத்ததும் கேள்வி வரும்.

"பசலையில என்ன இருக்கு?"

"இரும்புச்சத்துங்க."

"அப்புறம்?"

பதில் வராவிட்டால் அவள் தட்டு அவர் பக்கம் நகர்ந்துவிடும். அவள் எழுந்து போய்த் தையல் மெஷினை மிதிப்பாள்.

அவளுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. டாக்டர் பரிசோதனைத் தாளைப் புரட்டிவிட்டு, சிறுநீரகம் முக்கால்வாசி போய்விட்டது என்றார்.

"இனி பொட்டாசியம் சரியா வெளியேறாது. இதயத்துக்கே ஆபத்து. கீரை, தக்காளி கூடாது. மத்த காயைச் சின்னதா நறுக்கி, நிறையத் தண்ணியில வேகவச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிடுங்க."

வாத்தியார் நல்ல பிள்ளையாய்த் தலையாட்டினார். தெருவுக்கு வந்ததும் குரல் மாறியது.

"என் தோட்டத்துக் கீரை விஷமாம். நான் பாடம் நடத்தினப்ப இவன் டவுசர் போட்டுத் திரிஞ்சிருப்பான்."

மறுநாளும் கீரை பறித்து வந்தார். அவர் செடிகளுக்குத் தண்ணீர் விடும் நேரம் பார்த்து அவள் கீரையைப் பெரிய பானையில் வேகவைத்து, தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினாள். தன் தட்டில் பேருக்கு ஒரு பிடிதான் வைத்துக்கொண்டாள். உடம்பில் கொஞ்சம் தெம்பு வந்தது.

மூன்றாம் வாரம் சாக்கடையில் பச்சைத் தண்ணீர் ஓடுவதை அவர் பார்த்துவிட்டார். மறுநாள் அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கீரை வெந்ததும் தானே வடித்து, தண்ணீரைப் பெரிய டம்ளரில் ஊற்றி நீட்டினார்.

"சத்து பூரா இதுலதான் இருக்கு. குடி."

"டாக்டர் சொன்னாருங்களே..."

"ஆறிடப் போகுது."

குடித்தாள். தொண்டை அசைவது நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். தினமும் இதே கதைதான். மகளுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிப் பார்த்தாள்.

"அப்பா உன் நல்லதுக்குத்தானே செய்யிறாரு. எனக்கு இப்படிச் செய்ய ஆளில்லையேன்னு இருக்கும்மா."

ஆறாம் நாள் தையல் மெஷின் பெடலிலிருந்து காலை எடுக்க முடியவில்லை. நெஞ்சு ஒரு துடிப்பு துடித்தது, அடுத்ததை மறந்தது. தைக்கக் கொடுத்த துணியை வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரிதான் ஆட்டோ பிடித்து அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

ஊசிமேல் ஊசி போட்டு உயிரை இழுத்துப் பிடித்தார்கள். அவள் கண் திறந்தபோது வேறொரு டாக்டர் கட்டிலருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "பொட்டாசியம் இவ்வளவு ஏறியிருக்கு. என்ன சாப்பிட்டாங்க?"

"கண்டதையும் திருட்டுத்தனமாத் தின்பா சார்," என்றார் வாத்தியார். "நான் எத்தனை பேரைத் திருத்தியிருக்கேன், இவளைத் திருத்த முடியலை."

அவள் ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கினாள். "கீரைத் தண்ணி... இவருதான் குடிக்க வச்சாரு."

வாத்தியார் அவள் தலையை மெதுவாகத் தடவினார். "நேத்துலேருந்து இப்படித்தான் சார் உளறுறா."

டாக்டர் அவருடைய வெளுத்த சட்டையைப் பார்த்தார், நரைத்த தலையைப் பார்த்தார். பிறகு குனிந்து, குழந்தையிடம் பேசுவது போல அவளிடம் சத்தமாகச் சொன்னார்.

"அம்மா, இவ்வளவு படிச்சவரு வீட்டுலயே இருக்காரு. அவரு சொல்றதைக் கேளுங்க." நிமிர்ந்து வாத்தியாரிடம், "சார், இனிமே சமையலை இவங்க கையில விடாதீங்க. நீங்களே பக்கத்துல இருந்து ஊட்டிவிடுங்க," என்றார்.

"சரிங்க சார்."

வீட்டுக்கு வந்தபின் ஐந்து வாரம் தாங்கினாள். துக்கம் கேட்க வந்தவர்கள் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, மனுஷன் இந்த நிலைமையிலும் செடிகளை வாடவிடவில்லையே என்று பேசிக்கொண்டார்கள். மகள் ஊருக்குக் கிளம்பும்போது ஒரு பை நிறைய அரைக்கீரை கொண்டுபோனாள்.