ஆட்டு மருந்து

முதல் புழுவைப் பார்த்தபோது அதை மிளகாய்த் தோல் என்று நினைத்தேன். மீன் தொட்டியின் கண்ணாடியில், துருப்பிடித்த நிறத்தில், சின்னதாக ஒட்டிக்கொண்டிருந்தது. சமையல்கட்டிலிருந்து என் விரலோடு வந்திருக்கும் என்று நகத்தால் சுரண்டினேன். உள்பக்கம் இருந்தது அது. நகத்துக்கு அந்தப் பக்கம் மெதுவாக நகர்ந்து போனது.

அன்றைக்கே என் கணவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தர்மேந்திரனின் நெஞ்சைப் பிளந்து, காலிலிருந்து நரம்பு எடுத்து இதயத்தில் வைத்துத் தைத்து, அப்போதுதான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கனமாக எதையும் தூக்கக்கூடாது. கையைத் தலைக்கு மேல் உயர்த்தக்கூடாது. இருமல் வந்தால் தலையணையை மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் இரும வேண்டும், இல்லாவிட்டால் தையல் விட்டுவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, அவரை அதிர்ச்சிப்படுத்தக்கூடாது. மற்றதையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டார். கடைசியாகச் சொன்னதை மட்டும் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் எங்கள் வீடு சாலையை ஒட்டியே இருக்கிறது. ஏதாவது மோட்டார் உறுமிக்கொண்டு போனால்கூட முதலில் அவர் முகத்தைத்தான் பார்ப்பேன். குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் ஓடிப்போய் அடுப்பை அணைப்பேன். பாதி வெந்த பருப்பைத்தான் கொஞ்ச நாளாக நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

பயம் எனக்கு மட்டும் இல்லை. லோரி ஓட்டி இந்த நாட்டின் ஒரு மூலை விடாமல் சுற்றிய மனிதர், தண்ணீர்க் குவளையைத் தூக்கும்போது கை நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே தூக்கினார். படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று படுக்க மாட்டார். கூடத்தில் தொட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, அந்த நீல வெளிச்சத்தைப் பார்த்தபடியேதான் கண்ணயர்வார். கடலே இல்லாத ஈப்போவில் கடலை வாங்கி வீட்டுக்குள் வைத்தவர் என்று முன்பெல்லாம் நான் வருகிறவர் போகிறவரிடம் சொல்லிச் சிரிப்பேன். உப்பைக் கலந்து, பம்பு வைத்து, பவளத்துக்கென்று தனி விளக்குப் போட்டு, சொந்தப் பிள்ளையைப்போல வளர்த்தார். இப்போது நான் சிரிப்பதில்லை. அந்தத் தொட்டி இருந்ததால்தான் அவர் கொஞ்சமாவது தூங்கினார்.

இன்னொன்றும் உண்டு. அதை யாரிடமும் சொன்னதில்லை. தொட்டியில் ஒரு கிழட்டுக் கோமாளி மீன் இருக்கிறது, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் அது பூப்போல விரிந்திருக்கும் தன் கடற்சாமந்திக்குள் புதைந்துகொண்டு தீனிக்கு வரவே இல்லை. அவர் முதல்முதலாகக் கஞ்சி குடித்தார் என்று மகள் ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொன்ன அன்று நான் தீனி போட்டேன், வெளியே வந்து சாப்பிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு மீன். இது இருக்கும்வரை அவரும் இருப்பார் என்று ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டேன். காலையில் எழுந்ததும் சாமி படத்துக்கு முன்னால் போகாமல் தொட்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

புழு வந்தது ஸைஃபுல் கொண்டுவந்த பவளத்தோடுதான். ஸைஃபுல் முச்சந்தியில் இருக்கும் சாப்பாட்டுக் கடைக்காரரின் மகன். என் கணவரைப்போலவே தொட்டிப் பைத்தியம். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சும் மால்ட் டின்னும் கொண்டுவருவார்கள். அவன் தன் தொட்டியிலிருந்து பச்சைப் பவளத்தில் ஒரு துண்டை உடைத்து, பையில் தண்ணீரோடு கொண்டுவந்தான். புதிதாக எது வந்தாலும் மருந்துத் தண்ணீரில் முக்கி, அலசி, அப்புறம்தான் தொட்டிக்குள் விட வேண்டும். எனக்குத் தெரியும், எத்தனையோ முறை பேசின் பிடித்திருக்கிறேன். ஆனால் அவன் எதிரே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். ஆசையாகக் கொண்டுவந்ததை அவன் கண் முன்னாலேயே மருந்தில் கழுவினால் என்ன நினைப்பான்? அதிலும் அவன் முஸ்லிம், நாங்கள் இந்து. கழுவுவதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும். நான் என் கணவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். “அப்படியே வெச்சிரு புனிதா” என்றார். வைத்தேன்.

அதற்குப் பிறகு மிளகாய்த் தோல் ஒன்று பலவாகி, கண்ணாடி முழுக்கப் பரவி, மணலில் இறங்கி, பவளத்தின் மேலெல்லாம் துருப்போலப் படர்ந்தது. பவளங்கள் விரியாமல் சுருங்கிக்கொண்டன. அவர் கண்ணுக்கு எத்தனை நாள் மறைக்க முடியும்? ஒரு காலையில் நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து பார்த்தார்.

“தட்டப்புழு” என்றார். பிறகு, “நான் கொஞ்சம் தேறி வந்ததும் பாத்துக்கறேன். நீ ஒன்னும் செய்யாத” என்றார்.

எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் அதையே நினைத்துக்கொண்டிருப்பாரே என்று. ஆனால் அவர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். தூக்கம் போயிற்று. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கோமாளி மீன் மறுபடியும் சாமந்திக்குள் போய்ப் பதுங்கியது.

சனிக்கிழமை மதியம் என் தம்பி அர்ச்சுனன் சுங்கை சிப்புட்டிலிருந்து வேனில் வந்தான். ரப்பர் பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகும் தோட்டத்தை விட்டு வராமல், பழைய லயத்து வீடுகளுக்குப் பின்னால் கொட்டகை போட்டு ஆடு வளர்க்கிறான். மாமாவுக்கு என்று ஆட்டுக்கால் சூப்பு கொண்டுவந்திருந்தான். அவர் அதிசயமாக அதைக் குடித்துவிட்டு, அறைக்குள் தலையணைகளில் சாய்ந்து அசந்துவிட்டார். சமையல்கட்டில் தம்பியிடம் சொல்லி அழுதேன். மீன் முடிச்சைச் சொல்லவில்லை, புழுவைச் சொன்னேன்.

“புழுதானே க்கா? இதுக்கா அழுவுற?” என்று சிரித்தான். “என் வேன்ல ஆட்டுக்குக் குடுக்கற உபாட் இருக்கு, பூச்சி மருந்து. ஆட்டு வயித்துல பாய் பாயா சுருண்டு கெடக்கறதயே ஒரே நாள்ல வெளிய தள்ளிரும்.”

“மீனுக்கு ஒன்னும் ஆகாதே?”

“குட்டிக்கே குடுக்கறேன் லா. ஒரு மூடி ஊத்துவோம்.”

எட்டி நின்றுதான் பார்த்தேன். ஊற்றிய கொஞ்ச நேரத்தில் கண்ணாடியில் ஒட்டியிருந்த புழுக்கள் ஓரம் சுருண்டன. பிறகு பிடி விட்டு உதிர்ந்தன. பாறை இடுக்கிலிருந்தும் மணலுக்கு அடியிலிருந்தும், இத்தனை இருந்ததா என்று மலைக்கும்படி, கூட்டம் கூட்டமாக வந்து தண்ணீரில் சுழன்றன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் எழுந்து வந்து பார்க்கும்போது தொட்டி பழையபடி இருக்கும் என்று நினைத்துத் தம்பியின் தோளைத் தட்டினேன்.

தண்ணீர் மெல்ல மெல்லத் தேத்தண்ணி நிறத்துக்கு மாறியது. நீல மீன் ஒன்று கண்ணாடியில் போய் முட்டியது. திரும்பி வந்து மறுபடியும் முட்டியது. இறால் மல்லாந்தது. சாமந்திக்குள்ளிருந்து கோமாளி மீன் வெளியே வந்தது, ஆனால் நீந்தி வரவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து, வாயைத் திறந்து திறந்து மூடியபடி மேலே மிதந்து வந்தது.

“என்ன ஊத்துனீங்க?”

அவர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அர்ச்சுனன் போத்தலைக் காட்டினான். அவர் அதை ஒரு பார்வைதான் பார்த்தார்.

“மருந்து கொல்லாது மச்சான். செத்த புழுதான் வெஷம். ஒன்னு ரெண்டு செத்தா பரவால்ல, மொத்தமா செத்தா தண்ணியே வெஷம். புழுவ மொதல்ல உறிஞ்சி எடுத்துட்டுத்தான் மருந்தே போடணும்.”

சொல்லிக்கொண்டே பின்கட்டுக்குப் போய்விட்டார். அங்கே உப்புத் தண்ணீர் கலந்து வைத்த நீல டிரம் இருந்தது. நான் ஓடிப்போவதற்குள் வாளியில் மொண்டுவிட்டார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

“ஐயோ, வைங்க கீழ! மீனு போனா போகுதுங்க! வைங்க!” என்று கத்தினேன். போனால் போகிறது என்று என் வாய்தான் சொன்னது. அர்ச்சுனன் வாளியைப் பிடுங்கிக்கொண்டான். மீன்களை வலையில் அள்ளி வாளியில் விடச் சொன்னார், விஷத்தை இழுக்கும் கரிப்பையை எடுத்துத் தொட்டிக்குள் போடச் சொன்னார், கெட்ட தண்ணீரை வெளியே விடச் சொன்னார். நான் குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, அவர் எப்போதும் செய்வதைப்போல மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சப் போனேன்.

“வாயில வைக்காத புனிதா! வெஷம்!”

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. குரலோடு இருமலும் வந்தது. தலையணை அறையில் இருந்தது. அவர் சுவரைப் பிடித்தபடி குனிந்தார், முகம் கறுத்தது. குழாயை வீசிவிட்டு ஓடி, பின்னாலிருந்து இரண்டு கைகளையும் போட்டு அவர் நெஞ்சை இறுக்கினேன். ஒவ்வொரு இருமலுக்கும் தையல் என் கைகளுக்குள் எம்பியது. இப்போது விட்டுவிடும், இப்போது விட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

இருமல் அடங்கியதும் அப்படியே தரையில் உட்கார்ந்தார், நானும் அவரோடு சரிந்து உட்கார்ந்தேன். எதிரே வாளி. மற்ற மீன்கள் அடியில் ஒடுங்கிக் கிடந்தன. கோமாளி மீன் மட்டும் மேலே படுத்த வாக்கில் மிதந்தது. அவர் கையை வாளிக்குள் விட்டு, இரண்டு விரலால் அதை நிமிர்த்திப் பிடித்து, செவுளுக்குள் தண்ணீர் போகும்படி மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினார். அர்ச்சுனன் குற்றவாளியைப்போல டிரம்முக்கும் தொட்டிக்கும் நடந்துகொண்டிருந்தான்.

“சிரிக்காத” என்றார் என்னைப் பார்க்காமல். “ஆம்புலன்ஸ்ல ஏத்துனப்பவே நெனச்சிக்கிட்டேன் லா. இது இருக்கற வரைக்கும் நானும் இருப்பேன்னு.”

நான் சிரிக்கவில்லை. நான் ஒருத்தி மட்டும் நினைத்துக்கொண்டிருந்தவரை அது என் பைத்தியக்காரத்தனம். ராத்திரியில் அப்படிச் சொல்லித்தான் என்னை நானே தேற்றிக்கொள்வேன். இரண்டு பேர், ஒருவருக்கொருவர் சொல்லாமலே, அதே முடிச்சைப் போட்டிருந்தால்? எனக்கும் அப்படித்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

“அது சும்மா மீனுங்க” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது.

அவர் விரல்கள் நகர்ந்துகொண்டே இருந்தன. மீனின் செவுள் ஒருமுறை திறந்து மூடியது. பிறகு திறக்கவில்லை. அவர் இன்னும் கொஞ்சம் குனிந்து, மூக்கு தண்ணீரில் படும் அளவுக்கு முகத்தைக் கொண்டுபோனார். நான் வாளியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அவர் சட்டைக்குள் கையை விட்டு உள்ளங்கையைத் தையலின் மேல் வைத்துக்கொண்டேன். அங்கே ஒரு துடிப்பு வந்தது. அடுத்ததற்காகக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.