ஒட்டக்கூடாத குச்சி

சனிக்கிழமை செயன்முறைப் பரீட்சை. எட்டு வருடமாகத் தொண்டர் ஆசிரியையாக மாரடிக்கும் நிருசாவுக்கு நிரந்தர நியமனம் கிடைப்பதும் கிடைக்காததும் அந்தப் பத்து நிமிட வாசிப்பில் இருந்தது. வியாழன் காலையாகியும் அவளுடைய வயலின் ஊமையாகவே கிடந்தது.

குற்றவாளி அவளேதான். பழுதென்று கொழும்புக்கு அனுப்பினால் வயலின் எப்போது திரும்பும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆகையால் பழுதுபார்க்கும் வேலையைத் தானே படிப்பதென்று இணையத்தில் ஒரு பெட்டி வரவழைத்திருந்தாள். இரு நுனியும் எதிரெதிராக வளைந்த ஒரு கம்பி, பல் வைத்தியரிடம் இருப்பது போன்ற குட்டிக் கண்ணாடி, கத்தி, மூன்று மரக்குச்சிகள், ஒரு கையேடு. பெட்டி வந்த உற்சாகத்தில் புதுத் தந்தி போட நாலு தந்தியையும் ஒரேயடியாகக் கழற்றினாள். வயலினின் மேற்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே, பசையோ ஆணியோ இல்லாமல் தந்தியின் அழுத்தத்தில் நிற்கிற குச்சி விழுந்துவிட்டது. ‘ஒவ்வொன்றாகவே கழற்றவும்’ என்று கையேட்டில் இருந்தது, பதினொன்றாம் பக்கத்தில். விழுந்த குச்சியை வெளியே இழுக்கையில் முறித்தாள். பெட்டியில் வந்த மூன்றையும் அளவு குறைவாகச் சீவினாள். நீளம் என்றால் சீவலாம், குறைந்ததை எங்கே பிடித்து இழுப்பது?

வேண்டியது லேசான, ரேகை நேரான குளிர்நாட்டு மரம். திருகோணமலையில் அது விளையாது. கப்பலில் சாமான் அடுக்கிய மரத்தட்டாக, பலட்டாகத்தான் வந்து இறங்கும். துறைமுக வீதியில் றஊப்பின் ஹாட்வெயார் கடைக்குப் பின்னால் அப்படி ஒரு குவியல்.

“றஊப் நானா, இதில விரல் நீளத்தில ஒரு துண்டு வேணும்.”

“டீச்சர், பலட் முழுசாத்தான். விரல் நீளத்தில விக்க இது என்ன இஞ்சிக் கடையா?”

“முழுசைக் கொண்டுபோய் நான் என்ன செய்யிறது?”

“கட்டில் செய்யலாம், கோழிக்கூடு செய்யலாம். எதுக்கு உங்களுக்கு விரல் நீளம்?”

அவள் சொல்லிவிட்டாள். அதுதான் பிழை. வாங்குகிறவர் காரணம் சொன்னால் வியாபாரிக்குக் கடையில் இன்னும் நாலு சாமான் ஞாபகம் வரும். றஊப் பசைக் குழாய் ஒன்றை மேசையில் வைத்தார்.

“ஒட்டக்கூடாது நானா.”

“ஒட்டாம எப்பிடி நிக்கும்?”

“தந்தி இறுக்கினா நிக்கும்.”

“ஆணியும் இல்ல, பசையும் இல்ல. இப்பிடி ஒரு சாமானை நான் வித்தா கடைக்கு வாற கிண்ணியா ஆக்கள் என்னையும் கடையையும் சேத்துக் கடல்ல தள்ளுவாங்க.”

அரை மணி நேரம் போனது. தேவையே இல்லாத பெயின்ற் பிரஷ் இரண்டை அவள் தலையில் கட்டிய பிறகுதான், உடைந்த பலட்டில் ஒரு சட்டத்தை அறுத்துக் கொடுத்தார்.

உப்புவெளியில் உள்ள வீட்டுக்குப் போய், பின்னேரம் வரை சீவினாள். வயலினின் துவாரத்தால் கம்பியை விட்டுக் குச்சியை நிறுத்துவாள், அது விழும். மறுபடி நிறுத்துவாள், மறுபடி விழும். பதினேழாம் தடவை நின்றது. அந்த நிம்மதியில் குளிக்கப் போனாள். திரும்பி வந்தபோது வீடெல்லாம் ரெசின் மணம்.

அவள் கணவன் முத்தன் பைபர் படகுகளை ரெசின் பூசிப் பழுதுபார்ப்பவன். வயலினுக்குப் பக்கத்தில் ஊசிக்குழாயோடு, பரிசு வாங்கப் போகிறவன் முகத்தோடு நின்றான்.

“றஊப் நானா போன் எடுத்தவர். மனிசி குச்சியைச் சும்மா நட்டுவைக்குதாம், பரீட்சையில விழுந்தா மானம் போயிரும் எண்டார். மேல ஒரு சொட்டு, கீழ ஒரு சொட்டு விட்டனான். இனி சுனாமி வந்தாலும் அசையாது.”

“ஐயோ, அது அசையவேணுமப்பா! தந்தி ஏத்தின பிறகு மயிரிழை மயிரிழையா அசைச்சுத்தான் நாதத்தைப் பிடிக்கிறது. எத்தனை நிமிஷத்தில இறுகும்?”

“இருபது. இண்டைக்கு வெக்கை, பதினைஞ்சு.” தலையைச் சொறிந்தான். “நீ வரமுன்னம் முடிக்கவெண்டு, இறுகவைக்கிற ஹார்ட்னரும் கொஞ்சம் கூட விட்டனான்.”

“விட்டு எவ்வளவு நேரம்?”

“ஆறு இருக்கும்.”

அவன் டோர்ச்சும் கண்ணாடியும் பிடிக்க, அவள் கம்பியால் குச்சியைத் தட்டி விழுத்தினாள். கம்பியில் துணி சுற்றி உள்ளே துடைத்தாள். அவன் தின்னர் போத்தலைத் திறந்தான்.

“மூடுங்கோ அதை! வார்னிஷ் உரிஞ்சுபோம்.”

குச்சியின் இரு நுனியும் பிசுபிசுத்து உதவாமல் போயின. வெள்ளிக்கிழமை, றஊப்பின் சட்டத்தில் மீதியை எடுத்து முதலிலிருந்து தொடங்கினாள். மத்தியானம் புதுக் குச்சி நின்றது, தந்தி ஏறியது. வில்லை இழுத்தாள். சத்தம் வந்தது, ஆனால் உயிரில்லை. கம்பியால் இடப்பக்கம் தள்ளினாள், வலப்பக்கம் தள்ளினாள். இருபது தடவைக்குப் பிறகு எது நல்லது, எது கெட்டது என்று அவள் காதுக்கே தெரியவில்லை. அழுகை வந்தது.

“தடிச்ச தந்தியில உள்ளீடில்லாமக் கோதாக் கேக்குது,” என்றான் முத்தன் வாசலில் இருந்து.

அவள் முறைத்தாள். ஆனாலும், படகின் உடம்பைக் காசால் தட்டித் தட்டி, உள்ளே பைபர்த் தாள் பிரிந்த இடத்தைக் காதாலேயே பிடிக்கிறவன் அவன்.

“எந்தப் பக்கம் தள்ள?”

“அது எனக்கெப்பிடித் தெரியும்? நீ தள்ளு, நான் சொல்லுறன்.”

தள்ளினாள். “இன்னும் கோது.” தள்ளினாள். “கிட்ட வந்திட்டுது.” நுனியால் தொட்டும் தொடாமலும் ஒரு தட்டு. வில்லை இழுத்தாள். “இப்ப கோது இல்ல,” என்றான். சத்தம் சுவரில் போய் முட்டித் திரும்பியது.

அவன் சொன்னது சரியாக இருந்ததுதான் அந்த இரண்டு நாள் எரிச்சலிலும் பெரிய எரிச்சல். பரீட்சை உருப்படியை முழுக்க வாசித்தாள். குச்சி அசையவில்லை.

“நாளைக்கு நீங்களும் வாறீங்கள்,” என்றாள் வில்லைத் தளர்த்தியபடி. “வழியில ஓட்டோ குலுக்கிச் சத்தம் மாறினா, ஹோலுக்குள்ள போகமுன்னம் காது தரவேணும்.”

“அதுக்கென்ன, வாறன்.”

“கையைக் காற்சட்டைப் பொக்கற்றுக்க வைச்சுக்கொண்டு.”