திருட்டுக் கேசட் மழை

பொம்மிடியில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால், மைக் செட் ஸ்தனிஸ்லாஸ் வீட்டுக் கூடத்தில் பெய்கிற மழை டென்மார்க் மழை. நாற்பது வருஷத்துக்கு மேலே ஆயிற்று, அந்த நாட்டு மைதானம் ஒன்றில் ஸ்டான்லி லாஸ் என்கிற வெள்ளைக்காரப் பாடகன் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறிய சாயங்காலம் பெய்தது அது. எவனோ ஒருவன் அந்தக் கச்சேரியைத் திருட்டுத்தனமாகப் பிடிக்க டேப்பைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு போனான். கோட்டு நனைந்தது, பாட்டோடு மழையும் பதிவாகிவிட்டது. ஸ்தனிஸ்லாஸ் அந்தக் கேசட்டைப் போட்டால் இரண்டாம் பாட்டு முடிகிற சமயத்தில் கூடத்து ஓட்டுக்குக் கீழே, ஓடு நனையாமல், மழை இறங்கும். வெளியே பங்குனி வெயிலில் நாய் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிடக்கும். தெருப் பெண்கள் குடத்தோடு வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கூடத்தில் குடத்தை வைத்துப் பிடித்துக்கொண்டு போவார்கள். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் பல்லில் காவி ஏற்றும் தண்ணீர். இந்த மழையைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல் வெள்ளையாக முளைத்தது. பெண் பார்க்க வந்தவர்கள் பல்லைப் பார்த்துவிட்டு, "கேசட் தெருவுங்களா?" என்று கேட்டார்கள். பிற்பாடு ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வந்தும்கூட, அடுத்த வீட்டு ராணியம்மாள் பருப்பு வேக வைக்க டென்மார்க்கைத்தான் நம்பினார்.

அந்தக் கேசட்டிலிருந்து இன்னொரு கேசட்டில் ஏற்றினால் தூறல்தான் வரும். அதிலிருந்தும் நகல் எடுத்தால் சுவர் ஓதம் காக்கும், அவ்வளவே. பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் வீட்டில் உப்பு கசிந்ததாகக் கேள்வி. ஆகவே அசல் ஸ்தனிஸ்லாஸ் வீட்டைவிட்டு நகரவில்லை.

அவர் இந்த மாதிரிக் கேசட்டுகளைச் சேர்க்க ஆரம்பித்தது மழைக்காக அல்ல, பெயருக்காக. ஞானஸ்நானத்தில் சாமியார் வைத்த பெயரை ஊரில் எவராலும் முழுசாகச் சொல்ல முடியவில்லை. அப்பன் தனுசு என்றான். வாத்தியார் இரண்டு வாரம் முயன்று பார்த்துவிட்டு சீனிவாசன் என்று கூப்பிட்டார். ரேஷன் கார்டில் தனலாசு. மனைவி பாக்கியமேரி பாப்பாரப்பட்டிக்காரர், புருஷன் பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று நம்புகிற வீட்டிலிருந்து வந்தவர், "ஏங்க" என்பதோடு சரி. அவரும் பாக்கியமேரியை "இந்தா" என்பதோடு சரி. இப்படி வயசு முப்பதைத் தாண்டியபோது பெங்களூரில் வேலை செய்துவந்த ஒருவன் ரிப்பேருக்கு என்று டேப் ரெக்கார்டர் ஒன்றை அவருடைய மைக் செட் கடையில் விட்டுப்போனான், திரும்ப வரவில்லை. உள்ளே ஒரு கேசட் இருந்தது. ஸ்தனிஸ்லாஸ் பட்டனை அழுத்தினார். பெரும் கூட்டம் ஒன்று, ஏரி உடைந்த மாதிரி, ஒரே குரலில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. ஒரு எழுத்துகூட உதிரவில்லை. அவர் எழுந்து நின்று, "இருக்கேனுங்க" என்றார்.

பாக்கியமேரியின் தம்பி அந்தோணி பிரகாஷ் அரூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தவன், நாலு விஷயம் தெரிந்தவன். அவன்தான் உடைத்துச் சொன்னான்.

"மாமா, அது ஸ்டான்லி லாஸுங்க. பாடறவன் பேரு. உங்களக் கூப்புடல."

"இருந்துட்டுப் போவட்டும்டா. மாரியம்மன் பண்டிகையில முனியப்பான்னு ஒருத்தன் கூவுனா ஒம்போது பேரு திரும்பறான். அதுல எவன் அசலு?"

ஸ்டான்லி லாஸ் அதற்குப் பல வருஷம் முந்தியே பாடுவதை நிறுத்திவிட்டு எங்கோ செம்மறி ஆடு வளர்த்துக்கொண்டிருந்தான். புதுசாகக் கச்சேரி கிடையாது, பழைய திருட்டுக் கேசட்டுகள் மட்டும்தான் உலகம் பூரா ஆளுக்கொன்றாகச் சிதறிக் கிடந்தன. அவற்றைச் சேர்க்கிறவர்கள் ஒரு தனிச் சாதி. விற்கமாட்டார்கள், வாங்கமாட்டார்கள். ஒன்று கொடுத்தால் ஒன்று. கொடுக்க எதுவும் இல்லாத ஸ்தனிஸ்லாஸ், தன் மைக் செட்டிலேயே பிடித்த மாரியம்மன் பண்டிகைப் பம்பைச் சத்தத்தைப் பார்சல் கட்டி அந்தோணி பிரகாஷ் விலாசம் தேடித் தந்த, டென்மார்க்கில் கேசட் சேர்க்கிற ஓலே என்பவருக்கு அனுப்பினார். ஓலே முதலில் சிரித்திருப்பார். போட்டுக் கேட்ட பிறகு அவர் வீட்டுக் கூரையில் மட்டும் பனி நிற்கவில்லை. சித்திரை வெயில் உள்ளே அடித்து, தை மாசத்தில் அவர் வெற்று உடம்போடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அக்கம்பக்கத்துக் கிழவிகள் நாற்காலியோடு வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து போக்குவரத்து நிற்கவில்லை. இங்கிருந்து பம்பையும் ஏசு பாடுபடும் பாஸ்கா நாடகமும் போயின, அங்கிருந்து டென்மார்க் மழையோடு ஸ்டான்லி லாஸ் வந்தான். ஸ்காட்லாந்துக் கேசட்டில் மூடுபனி இருந்தது. ஜெர்மனிக் கேசட்டில் சுருட்டு வாடையும், முன்வரிசையில் எவனோ தின்ற வெங்காயமும் இருந்தன.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஸ்தனிஸ்லாஸ் குடையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். கூட்டம் அவர் பெயரைக் கூவும். பாட்டுக்கு நடுவே அடுப்படியிலிருந்து பாக்கியமேரி "ஏங்க, ஏங்க" என்று குரல் கொடுப்பார். "வரேன் இரு" என்பார் ஸ்தனிஸ்லாஸ். போகமாட்டார். கேசட்டின் ஒரு பக்கம் முடிந்து டக்கென்று பட்டன் எழும்பும்போது பாக்கியமேரி ஈரத் தலையோடு தட்டில் களியை வைத்துக்கொண்டு நிற்பார். கேசட் ஓடுகிற நாளில் களி அடிப்பிடிக்கும். வீட்டுக்குள் மழை பெய்தால் அடுப்பு என்ன செய்யும் என்று அதை யாரும் பெரிசுபடுத்தவில்லை. இப்படியே முடி நரைத்தது, கேசட்டுகள் இரண்டு பீரோவை அடைத்தன.

போன வருஷம் கார்த்திகையில் அந்தோணி பிரகாஷ் போன் செய்து அரூருக்கு வரச் சொன்னான். ஓலே கூட்டத்தார் கம்ப்யூட்டரில் பேசிக்கொள்கிற இடத்தில் பல காலமாக ஒரு பஞ்சாயத்து ஓடுகிறதாம். எல்லாத் திருட்டுப் பதிவிலும், எந்த நாட்டுக் கச்சேரியானாலும், ஒரு பெண் குரல் நடுவே கூவுகிறது. பாட்டைக் கெடுக்கிறது என்று சிலர் திட்டினார்கள், அவள்தான் லாஸின் முதல் ரசிகை என்று சிலர் கும்பிட்டார்கள். அவளுக்கு 'யெங்கா' என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். பின்லாந்துக்காரியாக இருக்கும் என்று பெரும்பாலோர் அபிப்பிராயம். ஓலே மட்டும், இந்தப் பேச்சின் இழுவை பம்பைக் கேசட்டில் கேட்ட மாதிரி இருக்கிறதே, பொம்மிடியில் விசாரியுங்கள் என்று எழுதியிருந்தார்.

அந்தோணி பிரகாஷ் கடையில் கம்ப்யூட்டரைத் தட்டி டென்மார்க் கச்சேரியைப் போட்டான். திரையில் லேசாக நீர் கோத்தது. இரண்டாம் பாட்டு முடிந்தது.

"ஏங்க," என்றது குரல்.

"வரேன் இரு," என்றார் ஸ்தனிஸ்லாஸ், பழக்கத்தில். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பின்னால் அடுப்படி இல்லை, ஜெராக்ஸ் மிஷின் இருந்தது.

"ஏங்க. ஏங்க," என்றது மறுபடி. பிறகு கூட்டத்தின் இரைச்சல் ஒரு மூச்சு ஓய்ந்த இடத்தில், ஆட்டைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டையிலிருந்து, "ஸ்தனிஸ்லாஸ்!" என்று வந்தது. முழுசாக.

"அக்கா குரலு மாதிரி இருக்குதுங்க மாமா."

"வாய மூட்றா."

ஸ்காட்லாந்தைப் போட்டான். இருந்தது. ஜெர்மனியைப் போட்டான். அதிலும் இருந்தது. அந்தோணி பிரகாஷ் வாங்கிவைத்த டீயை அவர் குடிக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைத்தும் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே கூரையின் கீழ் இருந்து, ஒரு தரம்கூட நம் பெயரைச் சொல்லாதவள், வேற்று நாட்டு மைதானத்தில், கிட்டாரோடு நிற்கிற ஒருவனைப் பார்த்து அதைச் சொல்லியிருக்கிறாள். தான் நாற்காலியில் உட்கார்ந்து கேட்ட கச்சேரி அத்தனையையும் அவள் நேரில் பார்த்திருக்கிறாள், அதுவும் சொல்லாமல். இதில் எது பெரிய துரோகம் என்று அவரால் பிரிக்க முடியவில்லை. இரண்டையும் சேர்த்தே சுமந்துகொண்டு இறங்கினார்.

வீட்டுக்கு வந்து பீரோக்களைப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். களி வேண்டாம் என்றார். பாக்கியமேரி ஒரு தரம் காரணம் கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனார். கூடம் காய்ந்தது. மார்கழி போயிற்று, தை போயிற்று, கூடத்து ஓரத்தில் தானாக முளைத்துப் பல வருஷம் செழித்திருந்த டென்மார்க் புல் சருகாயிற்று. வந்து வந்து வெறுங்குடத்தோடு திரும்பிய ராணியம்மாள் ஒரு நாள் வாசலில் நின்றுவிட்டார்.

"ஏன் தனுசு, பொண்டாட்டி மேல கோவம்னா சோத்த வேணாம்னு சொல்லு. அது ஞாயம். மழைய எதுக்குப் பூட்டி வெக்கிற? எம் பருப்பு உனக்கு இன்னா பண்ணுச்சு?"

"உங்களுக்குத் தெரியாதுக்கா. இவ டென்மார்க்குக்குப் போயிருக்கறா."

"போனா இன்னா? நீ வேளாங்கண்ணியத் தாண்டி எங்க கூட்டிக்கினு போன?"

அன்றைக்குத்தான் அவர் அடுப்படி நிலையில் போய் நின்று கேட்டார்.

"போனியா இல்லியா?"

"எங்க?"

"மழ பேயற ஊருக்கு."

"அதுவா. போனேன்." பாக்கியமேரி பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். "நீங்க கேசட்டப் போட்டா நம்ம பின்கதவு அங்கதான தெறக்குது. ஆட்டுக்குத் தழ போடலாம்னு தெறந்தேன். ஆட்டக் காணோம், ஒரே வெள்ளக்காரனா நிக்கறான்."

"அங்க போயி ஆம்பள பேரச் சொல்லிக் கூவியிருக்கற."

"உங்க பேருதான?"

"அவம் பேரும் அதான்!"

"அவன நான் எதுக்குக் கூப்புடறேன்? அவந்தான் எதிருல நின்னு கத்திக்கினு கெடக்கறானே." பாக்கியமேரி பூண்டை முறத்தில் போட்டார். "உங்களுக்குப் புடிச்ச ஆளாச்சே, வந்து பாக்கட்டும்னு வாசப்படியில நின்னு ஏங்க ஏங்கன்னு கூப்புட்டேன். வரேன் இருன்னீங்க. சரின்னு இருந்தேன். மழையில நின்னேன். நீங்க வரல. அடுத்த தடவையும் அதான். அப்பறந்தான் பேரச் சொன்னேன். ஊரே அந்தப் பேரக் கூவுற எடத்துல நான் ஒருத்தி சொன்னா யாரு ஆயுசு கொறையப் போவுது? அதுக்கும் வரேன் இருன்னீங்க."

ஸ்தனிஸ்லாஸ் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அரூரிலிருந்து சுமந்து வந்த மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே இருந்தது வேறு யாருடையதோ சாமான்.

"ஆளு எப்பிடி இருந்தான்?" என்றார் கடைசியில்.

"எட்டத்துல இருந்தான். பொடிசா. பாட்டு எனக்கு ஒண்ணும் வெளங்கல. உங்களுக்காவத்தான் நின்னேன்."

மறு ஞாயிறு பீரோவைத் திறந்தார். கேசட்டைப் போட்டு, இரண்டாம் பாட்டில் மழை பிடித்ததும் எழுந்து ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தார். முருங்கை மரமும் ஆடும் இருந்தன. ஆடு அவரைப் பார்த்தது. மறுபடி போட்டார், மறுபடி ஆடு. பாக்கியமேரிதான் கண்டுபிடித்தார். "உக்காந்து கேக்கறதுக்கு இங்க ஒரு ஆளு வேணுமாட்டம் இருக்குது. நவுருங்க." அவர் நாற்காலியில் பாக்கியமேரி உட்கார்ந்தார், குடையை விரித்துத் தோளில் சாய்த்துக்கொண்டார், மடியில் அவரைக்காயைக் கொட்டிக்கொண்டார். ஸ்தனிஸ்லாஸ் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு பின்கதவைத் திறந்தார். இந்தத் தடவை ஆடு இல்லை.

ராணியம்மாள் குடத்தை வைத்தபோது மழை நன்றாகப் பிடித்திருந்தது. ஸ்பீக்கர் பெட்டியில் கூட்டம் இரைந்தது. அதற்குள்ளிருந்து ஒரு ஆண் குரல், மைக் டெஸ்டிங்கில் பழகிய குரல், "இந்தா," என்றது. "இந்தா. இந்தா, வா, வந்து பாரு." கொஞ்சம் பொறுத்து, மிரண்ட மாதிரி, "பாக்கியமேரி!" என்றது.

பாக்கியமேரி ஒரு அவரைக்காயின் நாரை முனையிலிருந்து முனைவரை கிழித்தார்.

"வரேன் இரு," என்றார்.

ராணியம்மாள் நிமிர்ந்தார். சொல்லின் வாலில் ஒரு 'ங்க' குறைந்ததை அவர் கவனித்துவிட்டார். "போவலியா?"

"போவலாம். இந்தக் காயி முடியட்டும்."

பக்கம் முடிந்து பட்டன் எழும்பியதும் ஸ்தனிஸ்லாஸ் சொட்டச் சொட்ட வந்து நின்றார். அதோடு ஒரு வாரம் சளி பிடித்துக் கிடந்தார். உலகத்தில் இருந்த எல்லா நகல்களிலும் யெங்கா காணாமல் போனதாகவும், அவள் இருந்த இடத்தில் யாரோ ஒரு ஆள் நின்று கத்துவதாகவும், இதனால் டென்மார்க் பதிவின் தரத்தை ஒரு படி இறக்கியிருப்பதாகவும் ஓலே எழுதினார். ஸ்தனிஸ்லாஸ் இப்போதும் ஞாயிறுதோறும் போகிறார், கூப்பிடுகிறார். பாக்கியமேரிக்கு அவரைக்காய் முடிந்தால் புளி, புளி முடிந்தால் பூண்டு. தெருவில் அதற்கு யாரும் காது கொடுப்பதில்லை. இரண்டாம் பாட்டு முடிகிற நேரம் பார்த்துக் குடத்தோடு வந்துவிடுகிறார்கள்.