மூணு பானையில் மாற்றிச் சொன்ன கதை

எனக்குச் சோறு போடுவது என் வாய்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் சிரம்பானிலிருந்து ஒரு வேன் கிளம்பும். பழைய அரண்மனை, கோலா பிலா கடைத்தெரு, தோட்டத்துக் கோயில், கடைசியில் அருவி என்று எல்லாவற்றையும் காட்டிவிட்டு இருட்டுவதற்குள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவோம். வேனை ஓட்டுவது தேவன். வாயை ஓட்டுவது நான், புவனேஸ்வரன். வரலாறு என்று பார்த்தால் எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஆனால் ஏறி உட்காரும் ஆட்களின் முகத்தைப் பார்த்தே இவர்களிடம் எந்தக் கதை எடுபடும் என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்கு ரொம்பத் திமிர்.

அருவிக்கென்று என்னிடம் ஒரு கதை உண்டு. பெல்மோர் தோட்டத்துக்குப் பின்னால் தண்ணீர் மேலிருந்து மூன்று குழிகளில் தேங்கித் தேங்கி விழும். தோட்டத்து ஆட்கள் அதற்கு மூணு பானை என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு காலத்தில் தோட்டத்துப் பெண்பிள்ளை ஒருத்தி அங்கே செத்துப்போனாள் என்று, பாதையோரம் இளநீர் விற்கும் மலாய்க்காரர் ஒருமுறை சொன்னார். அவருக்கும் அவ்வளவுதான் தெரியும். எனக்கு அது போதாதா? தோட்டத்துக் கணக்கு பார்க்கும் கிராணியின் மகனை அந்தப் பெண்ணுக்குக் காதலனாக்கினேன். இரண்டு வீட்டிலும் சண்டை மூட்டினேன். பௌர்ணமியன்று அவளை மேல்பானையிலிருந்து குதிக்க வைத்தேன். காலேஜ் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். செத்துப்போன பிள்ளைக்கும் அப்பா அம்மா இருந்திருப்பார்களே என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றியதில்லை. நான் அப்படிப்பட்ட ஜென்மம்.

போன ஞாயிறு வேனில் முக்கால்வாசிப் பேர் கிள்ளானிலிருந்து வந்த குடும்பங்கள். அதில் ரவிச்சந்திரன் என்பவரும் அவர் மகள் ஷ்வேதாவும் ஏறும்போதே முட்டிக்கொண்டார்கள். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவம், பரீட்சையில் மார்க்கு குறைந்திருக்கிறது. வழியில் லோபாக் கடைவரிசை முன்னால் ஒரு பெரியவர் தனியாகக் காத்திருந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. தங்கராஜு என்று பெயர் சொல்லிவிட்டுக் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தார்.

"தனியாவா ஐயா வந்தீங்க? வீட்ல யாரும் வரலயா?" என்றேன்.

"வீட்டுக்காரி போய்ச் சேந்துட்டா. நான் இப்ப மோட்டர் ஓட்டுறதில்ல தம்பி. நீங்க அந்தப் பக்கம் போறீங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றார்.

எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. மைக்கைக் கையில் எடுத்துவிட்டால் எனக்கு அடுத்தவர் பேச்சு காதில் ஏறாது.

ஸ்ரீ மெனாந்தியில் ஆணியே அடிக்காமல் கட்டிய மர அரண்மனையைக் காட்டி நான் கதை அளந்துகொண்டிருந்தபோது, ஷ்வேதா ஒரு தூணில் சாய்ந்து செல்ஃபி எடுத்தாள். ரவிச்சந்திரன் பாய்ந்து போய் போனைப் பிடுங்கினார்.

"மார்க்கு வாங்கத் துப்பில்ல, மூஞ்சியப் படம் புடிக்க மட்டும் தெரியுதா?"

"எல்லாரும் பாக்குறாங்கப்பா, ப்ளீஸ்."

"பாக்கட்டும்! நல்லாப் பாக்கட்டும்!"

கையை ஓங்கிவிட்டார். அடிக்கவில்லை. அந்தப் பிள்ளை கூனிக் குறுகிப்போனது. அதற்குப் பிறகு வேனில் யாரும் சிரிக்கவில்லை. என் ஜோக்கெல்லாம் செத்த ஜோக்காகவே விழுந்தது. கோலா பிலா பசாரில் எல்லாரும் இறங்கிப் பலகாரம் வாங்கினார்கள். பெரியவர் ஓண்டே-ஓண்டே என்கிற வெல்ல உருண்டை ஒரு பொட்டலம் வாங்கினார்.

"அலாமா! இந்த வயசுல இவ்ளோ இனிப்பா? சுகர் இல்லியா ஐயா?" என்று கிண்டல் செய்தேன்.

"எனக்கில்ல தம்பி" என்று மட்டும் சொன்னார்.

பெல்மோர் தோட்டத்துக்குள் நுழையும்போது அவர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். அந்த வளைவில் கொஞ்சம் மெதுவாகப் போக முடியுமா என்று கேட்டார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. தோட்டத்து ஆட்கள் இருந்த லயத்து வீடுகளை இடித்துச் செம்பனை நட்டு வருஷக்கணக்காகிவிட்டது. தேவன் மெதுவாக ஓட்டினான். பெரியவர் கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இங்க இருந்தீங்களா ஐயா?"

"ரப்பர் பால் லாரி ஓட்டுனேன். மரம் இருந்த காலத்துல."

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். இந்தத் தோட்டத்து ஆளே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், வாயை மூடு என்று தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியதெல்லாம், அந்த அப்பனையும் மகளையும் எப்படியாவது சேர்த்துவைத்து வேனைச் சிரிக்க வைக்க வேண்டும் என்பதுதான்.

மூணு பானைக்கு முன்னால் எல்லாரையும் பாறையில் உட்கார வைத்தேன். அன்றைக்குக் காதல் கதை வேண்டாம், இவர்களுக்கு அப்பா கதைதான் சரி என்று அங்கே நின்றுகொண்டே முடிவு செய்தேன். யோசிக்கக்கூட இல்லை. அது பாட்டுக்கு வாயில் வந்தது.

"இந்த மேல்பானை இருக்குல்ல, அங்கேருந்துதான் ஒரு தோட்டத்துப் பொண்ணு குதிச்சா. ஏன் தெரியுமா? காதல் கீதல் எல்லாம் இல்ல. படிப்பு! சரியாப் படிக்கலன்னு அவ அப்பா அவள அறைஞ்சிட்டாரு. நாலு பேர் முன்னாலகூட இல்ல, வீட்டுப் பின்னால, யாரும் பாக்காத எடத்துல. ஒரே ஒரு அறை. அவ அழல, சண்ட போடல. நேரா இங்க வந்தா, குதிச்சிட்டா. அந்த அப்பா அப்புறம் எத்தன வருசம் இருந்தென்ன, சொல்லுங்க?"

நான் ரவிச்சந்திரனைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். மனிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நெஜமா நடந்ததா அங்கிள்?" என்று ஷ்வேதா கேட்டாள்.

"நெஜம்தாம்மா. இந்தத் தோட்டத்து ஆளுங்களே சொன்னது."

கொஞ்ச நேரத்தில் ரவிச்சந்திரன் போனை எடுத்து மகள் கையில் கொடுத்தார். "வா லா, இங்க நின்னு ரெண்டு பேரும் எடுப்போம்" என்றார். அந்தப் பிள்ளை அழுதுகொண்டே சிரித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. புவனேஸ்வரா, நீ பெரிய ஆளுடா என்று என்னை நானே மெச்சிக்கொண்டு திரும்பினேன். பெரியவர் கீழ்ப்பானை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பொட்டலத்தைப் பிரித்து, ஓண்டே-ஓண்டேயை ஒரு இலையில் வைத்துப் பக்கத்தில் சூடம் ஏற்றியிருந்தார்.

நான் மெதுவாக அவர் பக்கம் போனேன்.

"தம்பி, இப்படி உக்காருங்க. யாரு சொன்னா உங்களுக்கு?" என்றார்.

"எத ஐயா?"

"என் மக பேரு ரஞ்சிதா. கூட வந்த பொண்ணுங்க, பாசி வழுக்கி விழுந்துட்டான்னு சொன்னாங்க. போலீஸ்லயும் அதான் சொன்னாங்க. அன்னிக்குக் காலைல டியூஷனுக்குப் போகாம அருவிக்குப் போறேன்னா. வீட்டுப் பின்னால வெச்சு ஒரு அறை விட்டேன். அவளுக்கும் எனக்கும்தான் தெரியும் அது. அவ அம்மா சாகுற வரைக்கும் நான் சொல்லல. பாசிதான், பாசிதான்னு சொல்லிச் சொல்லியே இத்தன வருசம் ஓட்டிட்டேன். அவ யாருகிட்டயோ சொல்லிட்டுத்தான் குதிச்சிருக்கா. அது யாரு தம்பி?"

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டு என் சட்டையைப் பிடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஐயா, என்னை மன்னிச்சிடுங்க. யாருமே சொல்லல. நான் இட்டுக்கட்டினது. அந்தக் கிள்ளான்காரர் மகள அடிக்கப் போனாரில்ல, அதப் பாத்துட்டு இப்பதான், இங்க நின்னுக்கிட்டே அவுத்து விட்டேன். ஒரு பொண்ணு செத்துச்சுன்னு மட்டும்தான் எனக்குத் தெரியும். சத்தியமா ஐயா!"

அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். "நல்ல மனசு தம்பி உங்களுக்கு. கிழவன் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றீங்க."

"ஐயோ, இல்லீங்க! நான் பொய்யன் ஐயா. பொழப்பே அதான். பிள்ளைங்கள அடிக்காத அப்பன் எந்தத் தோட்டத்துல இருந்தான்? குத்துமதிப்பாச் சொன்னேன், பொருந்திப்போச்சு."

"நான் அடிச்சதில்ல தம்பி. பொறந்ததுலேருந்து அந்த ஒரு அறைதான். நீங்களும் ஒரே ஒரு அறைன்னுதான சொன்னீங்க?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரே ஒரு அறை என்று ஏன் சொன்னேன்? கேட்பதற்கு நன்றாக இருக்கும் என்று சொன்னேன். அவ்வளவுதான். வேறு ஒரு காரணமும் இல்லை. அதை எப்படி நிரூபிப்பது? தேவன் கீழே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். கத்திக் கூப்பிட்டேன்.

"டேய் தேவா, ஐயாகிட்டச் சொல்லுடா. நான் வாரா வாரம் இங்க என்ன கதை சொல்லுவேன்?"

தேவன் ஒன்றும் புரியாமல் வந்து நின்றான். "எப்பவும் அந்தக் காதல் கதைதான். கிராணி மகன் கதை. இன்னிக்குத்தான் புதுசா எதையோ சொன்னீங்க."

"பாத்தீங்களா ஐயா? கேட்டுக்கிட்டீங்களா?" என்று நான் குதித்தேன். இத்தோடு தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன்.

பெரியவர் தேவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மேல்பானையைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"வாரா வாரம் வேற கதை. நான் வந்த அன்னிக்கு மட்டும் இந்தக் கதையா?"

"அது வந்து ஐயா..."

"அவ போனதுக்கப்புறம் நான் இங்க வந்ததே இல்ல. இன்னிக்குத்தான் முதல்முறையா வர்றேன். நான் வந்த உடனே உங்க வாயில இது வருது. நீங்க சொல்லல தம்பி. அவ சொல்லியிருக்கா."

எங்கள் கோயில்களில் யார்மீதாவது சாமி வந்து பேசும்போது, எதிரே நிற்பவர்கள் அந்த ஆளைப் பார்க்க மாட்டார்கள், அவருக்குள் இருப்பதைப் பார்ப்பார்கள். பெரியவர் என்னை அப்படித்தான் பார்த்தார். நான் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். நான் ஒன்றுமில்லாத பயல், என்மீது யாரும் வரமாட்டார்கள் என்று சொன்னேன். அவரும் பதிலுக்குக் கும்பிட்டார். அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

திரும்பி வரும்போது நான் மைக்கைத் தொடவில்லை. புக்கிட் புத்துஸ் மலைப்பாதையில் வழக்கமாகப் புலிக்கதை ஒன்று சொல்வேன். "என்ன அங்கிள், கதை ஸ்டாக் முடிஞ்சிருச்சா?" என்று ஷ்வேதா கேட்டாள். அவள் அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டிருந்தாள். ரவிச்சந்திரன் என்னைப் பார்த்து, ரொம்ப நன்றி என்கிற மாதிரி தலையை ஆட்டினார். அந்த நன்றியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஒரு பிள்ளையை அப்பனோடு சேர்த்துவைக்க இன்னொரு அப்பனின் பிள்ளையைத் தண்ணீரில் தள்ளிவிட்டு வந்திருக்கிறேன். அவள் வழுக்கித்தான் விழுந்தாள். பார்த்த பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். வழுக்கி விழுந்தவளைக் குதித்தவளாக்கியது நான்தான்.

பின்னால் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தேன். பெரியவர் வலது கையைத் திருப்பி மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

லோபாக் வருவதற்குள் எனக்கு ஒரு யோசனை வந்தது. உண்மையைச் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார். அவள்தான் என் வாயால் பேசினாள் என்று நம்புகிறார் அல்லவா? அப்படியானால் அவள் பேசுவதாகவே ஒரு பொய் சொல்லி, போன உயிரை மறுபடி பாசியில் வழுக்க வைத்துவிடலாம். அவரோடு நானும் இறங்கினேன். வேனிலிருந்து நாலு அடி தள்ளிக் கூட்டிப்போனேன்.

"ஐயா, ஒண்ணு சொல்லணும். அங்க இன்னும் ஒண்ணு என் வாயில வந்துச்சு. நான்தான் பயந்துபோய்ச் சொல்லாம முழுங்கிட்டேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "கோவத்துல குதிக்கலப்பா, கால்தான் வழுக்கிடுச்சுன்னு வந்துச்சு. அப்பா மேல எனக்குக் கோவமே இல்லன்னு வந்துச்சு."

எத்தனையோ பேரை அழ வைத்த வாய் இது. சிரிக்க வைத்த வாய். ஒரே ஒரு தடவை, ஒரு நல்ல காரியத்துக்குப் பலிக்கக் கூடாதா என்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டு நின்றேன்.

பெரியவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு இல்லை என்று தலையை அசைத்தார்.

"இது நீங்க பேசுறது தம்பி. அங்க பேசுனது நீங்க இல்ல."

கடைவரிசையில் விளக்குப் போட்டிருந்தார்கள். தேவன் ஹாரன் அடித்தான்.

"அடுத்த ஞாயிறும் எனக்கு ஒரு சீட்டு வெச்சிடுங்க. அவ இவ்ளோ சொன்னா, நான் ஒரு வார்த்த பதில் சொல்லாம வந்துட்டேன்" என்றார்.

"சரிங்க ஐயா."

இரண்டு எட்டு நடந்தவர் நின்று திரும்பினார்.

"அன்னிக்கும் இதையே சொல்லுங்க தம்பி. மாத்திடாதீங்க."